சக்கரைச் சக்களத்தி

எங்கள் வீட்டில் ஒரு சொல் உண்டு. வெளியாள் யார் கேட்டாலும் தப்பாக நினைக்க இடமில்லை. "காத்து வருது, கதவ சாத்து." அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் இதைச் சொன்னால் நான் தையல் மெஷினை விட்டு எழுந்து வாசல் கதவைச் சாத்த வேண்டும். காற்று வருகிறதா இல்லையா என்பது பேச்சே இல்லை.

உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே, ஊருக்குச் சற்றுத் தள்ளின தெரு எங்களுடையது. ஒரு கூடம், ஒரு அடுப்படி. பெண்ணும் பையனும் பள்ளிக்கூடம் போகிற வயது. ராத்திரியில் நாலு பேரும் அந்த ஒரே கூடத்தில் வரிசையாகப் படுப்போம். அதனால் எங்கள் குடித்தனம் பகலில்தான். அதற்குத் தோதாக அவர் வேலையும் அமைந்தது. தனியார் பஸ்ஸில் டிரைவர். ஒரு நாள் டூட்டி, மறுநாள் ரெஸ்ட். ரெஸ்ட் நாளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கூடத்தில் நானும் மெஷினும் அவரும்தான்.

நான் ஜாக்கெட் தைப்பவள். வெளிச்சத்துக்காக மெஷினைக் கதவோரம் போட்டிருந்தேன். கதவைச் சாத்தினால் ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது, மெஷின் நின்றுவிடும். பக்கத்துச் சுவர் என் மாமியார் வீடு. தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறவர், இரண்டு ஆடு வைத்திருந்தார். எங்கள் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்விடுவார். ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது ஆடுகளுக்குப் பசிக்கிற நேரம் என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம் அந்தக் காற்று நின்றுபோனது.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம், மனுஷன் மேல் வீண்பழி விழும். நல்லவர். குடிக்க மாட்டார். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. "நா ஒரு சொட்டு தொட்றதில்ல" என்று கேட்காதவரிடமும் சொல்வார். தொடாத அந்தச் சொட்டுக்கு ஈடாக மற்றதையெல்லாம் தொட்டார். பஸ் நிற்கிற ஊரிலெல்லாம் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டீ ஓசி. வண்டி தங்கள் கடை முன்னால் நின்றால்தானே ஜனங்கள் இறங்கி வாங்குவார்கள் என்று கடைக்காரர்கள் வைத்திருந்த வழக்கம் அது. 'ஸ்டாஃப் டீ' என்று அதற்குப் பெயர். டிரைவருக்கு மரியாதை செய்வதாக நினைத்துச் சர்க்கரையைக் கொட்டித்தான் தருவார்கள். கிளாஸ் அடியில் கரையாமல் கிடக்கிற சர்க்கரையை விரலால் வழித்து வாயில் போட்டால்தான் இவருக்கு டீ குடித்த மாதிரி இருக்கும். டீக்கு ஒரு சிகரெட் கணக்கு. மத்தியானம் ஸ்டாஃப் சாப்பாடு, அதுவும் இலை நிறைய. பிறகு ராத்திரி வரைக்கும் உட்கார்ந்த இடத்திலேயே வேலை. கல்யாணத்தின்போது முப்பது இஞ்ச் இருந்த இடுப்பு நாற்பதைத் தொட்டிருந்தது. அளவு டேப் என் கழுத்தில் தொங்குவதால் அவரால் இதில் பொய் சொல்ல முடியாது.

ஒரு ரெஸ்ட் நாள் சொல்லைச் சொன்னார், கதவைச் சாத்தினேன், ஆனால் வண்டி கிளம்பவில்லை. அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. எனக்கு வாய் சும்மா இருக்காது, பிறவியிலேயே அப்படி. "இன்னாய்யா, பிரேக் டவுனா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்த மாதிரிதான் இருந்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, டயர் பார்க்கணும் என்று பஸ் ஷெட்டுக்குப் போனார். நான் கதவைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து ஜாக்கெட் கையைத் தைத்தேன். அதை அப்போதே மறந்தும் போனேன்.

அதற்கப்புறம் இரண்டு தடவை கதவைச் சாத்தினேன். இரண்டு தடவையும் அதே கதை. பிறகு அந்தச் சொல்லே அவர் வாயில் வரவில்லை. ரெஸ்ட் நாளிலும் காலையிலேயே ஷெட்டுக்குப் போய், நிற்கிற வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்படித் துடைத்தால் பெயின்ட் போய்விடும் என்று முதலாளியே வீட்டுக்கு அனுப்பினார். வந்தாலும் ஏரிக்கரை மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்.

மாசக்கணக்கில் என் மெஷின் நிற்காமல் ஓடியது. அந்த வருஷம் தைத்த மாதிரி நான் எந்த வருஷமும் ஜாக்கெட் தைத்ததில்லை. தெருப் பெண்களுக்கெல்லாம் சொன்ன நாளில் துணி கிடைத்தது. "இன்னாக்கா, இப்பல்லாம் கரீட்டா குடுத்துட்ற?" என்று ஒருத்தி ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். கொக்கி நன்றாக இருக்கிறதா பார் என்றேன்.

ஒரு நாள் மாமியார் ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "இன்னாடிம்மா, உங்க வூட்ல காத்தே வர்றதில்ல? எங்காடு ரெண்டும் எளச்சிப் போச்சி" என்றார்.

பதினாலு வருஷமாக அந்தச் சொல் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேனே. "சீ போ அத்த" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் உட்கார்ந்தவள், வெட்கம் தெளிந்ததும் அழுதேன். எனக்கு முப்பத்து மூன்று வயது. அது வேண்டியிருந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்? ஆனால் அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. அவர் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். சோறு போட்டால் தட்டைப் பார்ப்பார், பேசினால் சுவரைப் பார்ப்பார், கை தெரியாமல் பட்டாலும் வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். இந்த மனுஷனுக்கு நான் வேண்டாமல் போய்விட்டேன் என்றே நினைத்தேன்.

பெண்பிள்ளை புத்தி வேறு எங்கே போகும்? எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். யார் என்றும் நானே முடிவு கட்டினேன். தினமும் முதல் டிரிப்பில் கூடையோடு ஏறி, டிரைவர் பக்கத்தில் பானெட்டை ஒட்டின சீட்டில் உட்கார்ந்து போகிற பூக்காரி. அந்தச் சீட்டில் யாரும் சும்மா உட்காருவார்களா? என்ஜின் சூட்டில் பூ வாடாதா? வாடினாலும் பரவாயில்லை என்று உட்காருகிறாள் என்றால் என்ன அர்த்தம்? இப்படியெல்லாம் மெஷினை மிதித்துக்கொண்டே வக்கீல் மாதிரி கேள்வி கேட்டேன்.

அவருடைய ஒரு டூட்டி நாளில் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, காஞ்சிபுரத்தில் லைனிங் துணி வாங்க வேண்டும் என்று சொல்லி அந்த பஸ்ஸிலேயே ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட். கண்ணாடியில் என்னைப் பார்த்தவருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் அறியாதவள் போல ஜன்னலைப் பார்த்தேன்.

பூக்காரி ஏறினாள். உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார், அவள் பூக்கட்டினாள். ஒரு பேச்சு இல்லை. பஸ் நின்றது, அவர் இறங்கினார், டீ. சிகரெட். மறுபடி கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் மறுபடி ஓரங்கட்டினார். அங்கே ஸ்டாப்பிங்கே கிடையாது. இறங்கிப் புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். அடுத்த ஊரில் டீ. அதற்கடுத்த வேலியில் வண்டி நின்றது. காஞ்சிபுரம் போய்ச் சேருவதற்குள் மூன்று டீ, மூன்று மரம். லைனிங் துணியை மறந்துவிட்டு அதே வண்டியில் செங்கல்பட்டு வரைக்கும் போனேன். பழையசீவரம் மலைக் கோயில் தெரிகிற திருப்பத்திலும் வண்டி ஓரங்கட்டியது. இறங்கும்போது கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மரத்துக்குப் பின்னால் போனார்.

சாயந்தரம் திரும்புகிற டிரிப்பில் காலிக் கூடையோடு பூக்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, நீ டிரைவரூட்டம்மா தான?" என்றாள். "உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்னு பாத்துக்கினே கீறேன். இவுரு ஒண்ணுக்குப் போற எடத்துக்கெல்லாம் ஸ்டாப்பிங் போர்டு வச்சாதாங்கா சரியா வரும். காலையில பூவ கொண்டும்போயி சேக்கறதுக்குள்ள பாதி மொட்டு மலந்துடுது. அதான் பானெட்டாண்ட குந்திக்கினு, சீக்கிரம் வந்து ஏறு நைனான்னு வெரட்டிக்கினு கீறேன்."

நான் சக்களத்தி என்று தீர்மானித்திருந்தவள் என் புருஷனை மரத்தடியிலிருந்து விரட்டுவதற்காக அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, நிம்மதியும் வந்தது. இறங்கும்போது மடியில் மீத்து வைத்திருந்த பூவிலிருந்து அவளே என் தலையில் ஒரு முழம் வைத்துவிட்டாள். பிறகு படுத்து யோசித்தபோதுதான் உறைத்தது. வெளியே ஒருத்தியும் இல்லை என்றால், அப்போது குற்றம் என்னிடமா?

அந்தக் கேள்விக்குப் பதில் எறும்பு கொண்டுவந்தது. எங்கள் வீட்டில் அப்போது எறும்புத் தொல்லை. ஒரு சாரை பின்பக்கம் அவர் ஒதுங்குகிற வேலியோரம் மொய்க்கும். கஞ்சி கொட்டியிருக்கும் என்று சாம்பலைத் தூவுவேன். இன்னொரு சாரை கூடத்துச் சுவரில் ஏறிப் பரண் வரைக்கும் போகும். ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். பொங்கல் பானைக்குப் பின்னால் ஒரு தகர டப்பா. உள்ளே கறுப்பாக லேகியம். தீபாவளிக்கு மாமியார் கிளறிக் கொடுத்த லேகியத்தில் மீந்ததை அவர்தான் எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கும் அப்போது நெஞ்செரிச்சல். நெல்லிக்காய் அளவு உருட்டி வாயில் போட்டேன். வெல்லமும் நெய்யுமாக நன்றாகவே இருந்தது. ஒரு வாரம் தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு உருண்டை.

டப்பா பாதியாகியிருந்த ஒரு ரெஸ்ட் நாள், நான் தைத்துக்கொண்டிருக்கும்போது ஸ்டூலைப் போட்டு ஏறி டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"இதுல யாரு கை வச்சது?"

"நாந்தான். நெஞ்சு கரிச்சிக்கினே இருந்திச்சி."

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி, அது ஆம்பளைங்க துன்றதுடி."

"ஆம்பளைங்க துன்றதுன்னா? எனக்கு மீச மொளச்சிடுமா?" என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் அவர் கண்ணில் தண்ணீர். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை. மாமனார் செத்தபோதுகூட அந்த மனுஷன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பாடைக்கு மூங்கில் வெட்டப் போனவர். மெஷினை விட்டு எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு ஒதுங்கிடத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ். இவர்தான் அந்த இடத்துக்கு நித்தியப்படி பக்தராயிற்றே, ஒரு நாளைக்குப் பத்து தடவை அதைப் படித்திருக்கிறார். லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கி வைத்தியம் பார்க்கிற ஒருவர், மாசம் ஒரு தடவை வருவாராம். போய்ப் பார்த்திருக்கிறார். அந்த மனிதர் நாடியைப் பிடித்துவிட்டு, நரம்புத் தளர்ச்சி என்று சொல்லியிருக்கிறார். சின்ன வயசில் செய்த தப்பு, இப்போது உடம்பு வட்டியோடு கேட்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். லேகியத்தைக் காலையும் மாலையும் பாலில் போட்டுச் சாப்பிடு, கூடத் தேனும் பேரீச்சம்பழமும் சேர்த்துக்கொள் என்றாராம். இவர் டூட்டிக்கு ஒரு டப்பா, வீட்டுக்கு ஒரு டப்பா. அதுவும் போதாது என்று, செங்கல்பட்டில் எங்கேயோ படுத்து, வீக்னஸ் என்று சொல்லிக் குளுக்கோஸ் பாட்டில் இரண்டு ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

"துன்னுக்கினேதான் கீறேன். ஒண்ணும் வேலைக்காவல. தாகம்தான் இன்னும் ஜாஸ்தியா எடுக்குது. ஒண்ணுக்குப் போயி மாள்ல" என்றார்.

நான் டப்பாவைப் பார்த்தேன். வெல்லம். லேகியத்துக்கு எறும்பு வந்தது சரி. பின்பக்கத்து வேலிக்கு எறும்பு ஏன் வந்தது? ஒதுங்குகிற இடத்தில் எறும்பு மொய்த்தால் சக்கரை வியாதி என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அது பணக்காரர் வியாதி என்றும் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். பஸ் ஓட்டுகிறவருக்கு அது வரும் என்று யார் நினைத்தது? சாம்பல் தூவினது என் புத்தியின் மேல்தான்.

"எழுந்துரு. நட டாக்டராண்ட" என்றேன்.

உத்திரமேரூரில் ஒரு டாக்டரம்மா இருந்தார். கொஞ்சம் வயதானவர், அதிகம் பேசாதவர். பொம்பளை டாக்டரிடம் வரவே மாட்டேன் என்று இவர் பாதி வழியில் நின்றுவிட்டார். இந்தத் தெருவில் கத்துவேன் என்றேன். வந்தார். உள்ளே போனதும் என்ன செய்கிறது என்று அந்தம்மா கேட்டதற்கு, "லேசா தும்மல்ங்க" என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் நான் முந்திக்கொண்டேன்.

"தும்மலும் இல்ல ஒண்ணும் இல்லிங்க. பத்து மாசமா இவுருக்கு வூட்ல காத்தே வர்றதில்லிங்க டாக்டரம்மா."

அந்தம்மா உடனே காதில் குழாயை மாட்டிக்கொண்டு இவர் முதுகில் வைத்தார். "மூச்சை நல்லா இழுங்க. விடுங்க. சிகரெட் பிடிப்பீங்களா? இந்தக் கஷ்டம் நடந்தா அதிகமாகுதா, படுத்தா அதிகமாகுதா?"

"படுத்தாதாங்க தெரியுது" என்றேன் நான்.

இவர் என் காலை மிதித்தார். அந்தம்மா இன்னும் தீவிரமாகி நெஞ்சில் குழாயை வைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நாங்கள் எங்கள் வீட்டுப் பாஷையை எல்லாரும் பேசுகிற பாஷை என்று நினைத்து அந்தம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. மானம் போனால் போகட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு, காத்து என்றால் எங்கள் வீட்டில் என்ன என்பதைச் சொன்னேன். அந்தம்மா சிரிக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு குழாயைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். தாகம் எடுக்கிறதா, எத்தனை தடவை ஒதுங்குகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டதற்கு இவர் ஆறு என்றார். பதினொன்று என்றேன். கூடவே போய் எண்ணிப் பார்த்தவள் ஆயிற்றே.

சிறுநீர் பிடித்துவரச் சொன்னார்கள். அங்கிருந்த நர்ஸ் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். ஜாக்கெட் துணிக்கு மேட்சிங் நூல் தேடித் தேடி எனக்கு நிறம் நன்றாகத் தெரியும். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் சூளைச் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். சக்கரைதான், நிறைய நாளாக இருந்திருக்கிறது.

நான் பஸ் பஸ்ஸாகச் சக்களத்தியைத் தேடிக்கொண்டிருக்க, அந்தச் சக்கரை எங்கள் வீட்டுப் பரணிலேயே டப்பாவில் உட்கார்ந்திருந்தது.

டாக்டரம்மா இவரைப் பார்த்துச் சாவகாசமாகச் சொன்னார். "உடம்புல ரத்தம் ஓடுற சின்னச் சின்னக் குழாய், நரம்பு, ரெண்டையும் சர்க்கரை கெடுக்கும். படுக்கையிலதான் முதல்ல இது தெரியவரும், நிறைய பேருக்கு. சிகரெட் அந்தக் குழாயை இன்னும் சுருக்கும். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறதும் தொப்பையும் வேற சேருது. ஒரு தடவை முடியாமப் போச்சுன்னா அடுத்த தடவை பயத்துலயே முடியாது. நீங்க சாப்பிட்ட லேகியத்துல முக்கால்வாசி வெல்லம்தான். எரியற அடுப்புல விறகு வெச்சிருக்கீங்க. இன்னிலேர்ந்து அதை நிறுத்துங்க."

இவர் கையைப் பிசைந்துகொண்டே கேட்டார். "அப்போ நா சின்ன வயசுல பண்ண தப்பு இல்லிங்களா டாக்டரம்மா?"

"நீங்க ஒரு தப்பும் பண்ணல. அதால எந்த நரம்பும் தளராது."

இவர் மூச்சை ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். குழாயை வைத்துக் கேட்டிருந்தால் அந்தம்மாவுக்கு அப்போது நல்ல சத்தம் கேட்டிருக்கும். இத்தனை மாசம் அதை நெஞ்சில் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டியிருக்கிறார் என்று நினைத்தபோது அந்த லாட்ஜ் வைத்தியனை நாலு அறை விடலாம் போலிருந்தது.

"உங்க ரெண்டு பேருக்குள்ள சண்டை, மனஸ்தாபம் ஏதாவது உண்டா?" என்று அந்தம்மா கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "மொத தபா ஆவாத அன்னிக்கி, இவ பிரேக் டவுனான்னு கேட்டு சிரிச்சா. நா இத்தினி வருசம் ஓட்டறேன், நடுரோட்ல ஒரு நாள் வண்டி நின்னதில்லிங்க. அத்த கேட்டதுலேர்ந்து கதவாண்ட போனாலே எனக்கு அந்தச் சிரிப்புதான் காதுல கேக்குது."

நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த வார்த்தையைச் சொன்னதே எனக்கு நினைவில்லை. கை தைத்துக்கொண்டே மறந்துபோன ஒரு வார்த்தையை அந்த மனுஷன் பத்து மாசம் சுமந்திருக்கிறார். வெளியே எவள் என்று தேடினேன், உள்ளே லேகியத்தைக் கண்டுபிடித்தேன், என் வாயைத் தேடிப் பார்க்கத் தோன்றவில்லை. டாக்டரம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரைச் சீட்டை எழுதி என்னிடம்தான் நீட்டினார்.

அதற்கப்புறம் நடந்தது பெரிய கூத்து. சர்க்கரை இல்லாத ஸ்டாஃப் டீ கேட்ட முதல் நாள், டீக்கடைக்காரர் ஏதோ கோபம் என்று நினைத்துக் கல்லாவிலிருந்து இறங்கிவந்து மன்னிப்புக் கேட்டாராம். காலையில் ஏரிக்கரையில் நடக்கப் போனவரை, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து இரண்டு பேர் கூடச் சேர்ந்து தேடியிருக்கிறார்கள். கேழ்வரகுக் களியைப் பார்த்தால் முகம் சுளிப்பார், ஆனால் தின்பார். சிகரெட்தான் சண்டித்தனம் செய்தது. விட்டேன் என்பார், சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கும். விளக்கேற்ற என்பார். பஸ்ஸில் என்ன விளக்கு? மூன்று தடவை விட்டு, நான்காவது தடவைதான் உண்மையாக விட்டார். வேலியோரத்து எறும்புகள் ஒரு நாள் பார்த்தால் இல்லை. டேப்பில் இரண்டு இஞ்ச் குறைந்தது. நான் சாக்பீஸால் சுவரில் குறித்து வைத்தேன்.

எல்லாம் சரிதான், ஆனால் அந்தச் சொல் மட்டும் வரவில்லை. ரெஸ்ட் நாளில் இப்போது வீட்டில்தான் இருந்தார். என் முகத்தைப் பார்த்துப் பேசினார். பட்டன் தைத்துக் கொடுத்தார், கோணலாகத்தான். கதவுப் பக்கம் மட்டும் போக மாட்டார். சரியாகிவிட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்கே அவருக்குப் பயம். டாக்டரம்மாவும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று சத்தியம் பண்ணவில்லை. பொறுமையாக இருங்கள் என்றுதான் சொல்லியிருந்தார். நானும் அவரே சொல்லட்டும் என்று இருந்தேன். எப்போதும் அவர்தானே சொல்வது.

புரட்டாசி மாசம். மழைக்கு முந்தின புழுக்கம். தெருவில் ஓர் இலை அசையவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அவர் கூடத்தில் விசிறியோடு படுத்திருந்தார். நான் ஒரு ஜாக்கெட் கழுத்துக்குப் பட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். வேர்வை நூலில் சொட்டியது. மெஷினை நிறுத்தினேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"காத்து வருது. கதவ சாத்து."

விசிறி நின்றது. பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே, "எல கூட ஆடல. ஏது காத்து?" என்றார். விசிறியைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்று கேட்டார். "சாத்திட்டு... காத்து வரலன்னா?"

பதில் என்னிடம் ரொம்ப நாளாகத் தயாராக இருந்தது. டாக்டரம்மாவிடம் போய்விட்டு நடந்து வந்த அன்றே யோசித்து வைத்தது.

"வரலன்னா வரலய்யா. பேசிக்கினு இருக்கலாம். வண்டி நின்னுட்சின்னு எறங்கி வேற பஸ்ஸு புடிக்கிற பேசஞ்சரா நானு?"

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் எழுந்தார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவரே போய் அந்தக் கதவைச் சாத்தினார்.

சுவருக்கு அந்தப் பக்கம், "எந்திரிங்கடி, நேரமாச்சி" என்று மாமியார் ஆடுகளை அவிழ்க்கிற சத்தம் கேட்டது.